கணக்குச் செய்யும் மென்பொருளும் நாங்களும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாங்கள் இவ்வகுப்பறைகளில் படித்த நாட்களில் எங்களுக்கிருந்த கருவி மடக்கை அட்டவணைதான். ஒரு பரவளைவு வரையப் பெறுமானங்களைக் கணித்து, வரைபுத்தாளில் புள்ளியிட்டு, கை நடுங்காமல் இணைப்போம். ஒரு குறி பிழைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று அதை ஜியோஜீப்ரா நொடியில் வரைகிறது. ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் தமது பட்ட ஆய்வுக்காகத் தொடங்கிய மென்பொருள் அது. மாணவர்களுக்கு இலவசம். குணகத்தை மாற்ற மாற்ற, வளையி விரிவதையும் ஒடுங்குவதையும் தலைகீழாவதையும் பிள்ளை தன் கண்ணாலேயே காண்கிறாள்.

இது பரீட்சைக்கு மட்டும் உதவுவதன்று. பத்து இலட்சம் ரூபாய் கடன். ஆண்டு வட்டி 12 வீதம். தவணை 60 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி கணித்தால் மாதம் ஏறத்தாழ 22,244 ரூபாய். தொடக்கத் தொகை முழுவதற்கும் ஐந்தாண்டும் வட்டி கணித்தால் 26,667 ரூபாய். இரண்டுக்கும் பெயர் "12 வீதம்" தான். ஆனால் இரண்டாவதில் நாங்கள் கூடுதலாகக் கட்டுவது 2 இலட்சத்து 65 ஆயிரம் ரூபாய். அதன் உண்மையான வட்டி 20 வீதத்தையும் தாண்டுகிறது. விரிதாள் மென்பொருளில் ஒரே வரியில் இதை அறியலாம். கையெழுத்திடுமுன் அறிவதே முக்கியம்.

ஆனாலும் மென்பொருள் சொன்னதெல்லாம் வேதமல்ல. நாட்டுக் கடனும் பொருளாதார வளர்ச்சியும் பற்றி ரைன்ஹார்ட், ரொகொஃப் என்னும் பொருளியலாளர்கள் 2010இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் எடுத்தாளப்பட்டது. 2013இல் தொமஸ் ஹேண்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்செல் தாளைப் பார்த்தபோது, சராசரிச் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. எக்செல் பிழை விடவில்லை, கேட்டதைத்தான் கூட்டியது. வேறு குறைகளையும் அவர் காட்டினார். சூத்திரப் பிழையை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டனர்.

"செய்முறையைக் காட்டு, விடையைச் சரிபார்" என்று எங்கள் ஆசிரியைகள் சிவப்பு மையால் எழுதியதன் பொருள் இப்போதுதான் முழுமையாக விளங்குகிறது.

ஆகவே சகோதரிகளே, "கணிதம் எனக்கு வராது" என்று சொல்லும் ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவே அவளருகே அமர்ந்து ஒரு வளையியை வரைந்து காட்டுங்கள். அந்தக் கடன் கணக்கையும் அவளையே செய்யச் சொல்லுங்கள். எங்கள் கல்லூரி எங்களுக்குத் தந்ததை நாங்கள் திருப்பிக் கொடுக்க அதுவும் ஒரு வழி.