வெளிநாட்டு உதவியும் திறைசேரியின் கணக்கும்



வெளிநாட்டு உதவி அரசாங்கத்தின் கணக்கை எவ்வாறு மாற்றுகின்றது என்பதை இன்று ஆராய்வோம்.

தந்தை ஒருவர் மகனின் படிப்புக்கென நூறு ரூபா ஒதுக்கி வைத்திருக்கின்றார். மாமன் வந்து அச்செலவை ஏற்றுக்கொள்கின்றார். ஒதுக்கிய நூறு ரூபா தந்தையின் கையில் மிச்சம். அதனைக் கொண்டு அவர் கிணறு வெட்டினாரா, அயலவருடன் வழக்காடினாரா என்று மாமன் கேட்பதில்லை. திறைசேரியின் கதையும் இதுவே.

1977 ஆம் ஆண்டின் பின் துரித மகாவலித் திட்டம் தொடங்கிற்று. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியாவும், கொத்மலைக்குச் சுவீடனும், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனியும், மாதுறு ஓயாவுக்குக் கனடாவும் உதவின. உள்ளூர்ச் செலவு நம் நாட்டின் மீதே விழுந்தபோதும், அணைகளின் பெரும் பாரத்தைப் பிறர் சுமந்தனர். அதே 1980களிலே அரசின் பாதுகாப்புச் செலவும் பெருகிற்று. அணைக்கு வந்த பணமே துப்பாக்கி வாங்கிற்று என்று நாம் கூறவில்லை. சான்றின்றிக் குற்றஞ்சாட்டுதல் முறையன்று. ஆனால், ஒரு தோளிற் சுமை குறைந்தவனுக்கு மற்றத் தோளில் ஏற்றுதல் எளிது.

அணைக்குப் பணந் தந்தவர், நீரைப் பங்கிடும் அதிகாரத்தைக் கொழும்பிடமே விட்டனர். வடக்கிற்கு நீர் கொணரும் கால்வாய் அத்துரிதத் திட்டத்தில் இடம்பெறவில்லை.

நேராக எமக்கென வரவிருந்த உதவிக்கு நேர்ந்தது யாது? 2004 இல் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தது. 2005 யூன் மாதத்தில் அரசாங்கமும் தமிழீழ விடுதலைப் புலிகளும் சுனாமிப் பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். யூலையில் உயர் நீதிமன்றம், பிராந்திய நிதியம் பற்றியது உட்பட அதன் முக்கிய விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அழிவு கரையோரத்தில், திறவுகோல் தலைநகரில்!

பொது நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்திற்கே உரியது என்று 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை கூறுகின்றது. அவ்வாறாயின், ஒவ்வொரு வரவு செலவுத் திட்ட விவாதத்திலும் நம் பிரதிநிதிகள் மூன்று கேள்விகளை எழுப்புதல் வேண்டும். வந்த உதவி எவ்வளவு? அதனால் மிஞ்சிய சொந்தப் பணம் எவ்வளவு? அம்மிச்சம் எங்கே சென்றது?

உதவியை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதில் எமது மாகாணங்களின் பங்கு அமைச்சரின் தயவினால் அன்றி, சட்டத்தினால் நிர்ணயிக்கப்படல் வேண்டும். வரி செலுத்துகின்ற நாம் கேட்பது பிச்சையன்று, கணக்கு.