பருப்பு வேகாத தண்ணீர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மாணவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள் என்றார்கள். ஆலைகளின் கொதிகலன்களுக்குத் தண்ணீரைப் பக்குவப்படுத்திக் கொடுப்பது என் பிழைப்பு. ஆகவே நேர்மின் அயனிகளைப் பற்றிப் பேசுகிறேன். பயப்பட வேண்டாம், அடுப்பங்கரையில்தான் ஆரம்பிக்கிறேன்.

"கிணத்துத் தண்ணில பருப்பு வேக மாட்டேங்கு, சோப்பு நுரைக்க மாட்டேங்கு" என்று நம்ம ஊர்ப் பெண்கள் சொல்வதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதே பருப்பு தாமிரபரணித் தண்ணீரில் மலர்ந்து வேகும். காரணம் பாறையில் இருக்கிறது. பொதிகை மலை கெட்டிப் பாறை. மழைநீர் அதில் வழிந்து வரும்போது அதிகமாக எதையும் கரைத்துக்கொள்ள முடிவதில்லை. ஆனால் தாழையூத்துப் பக்கம் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் 1949-இல் சங்கர் நகரில் சிமெண்ட் ஆலையே வந்தது.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்கள் மூச்சுவிடும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனி தனியாக அலையாது. ஒரு நீர் மூலக்கூறின் தோளில் ஏறிக்கொண்டுதான் திரியும். அது சுண்ணாம்புக்கல்லின் கார்பனேட்டைப் பிடித்து பைகார்பனேட்டாக மாற்ற, துணையிழந்த கால்சியம் தண்ணீரோடு கிளம்பி விடுகிறது.

மாணவர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்கணும். கால்சியம் இந்த இடத்தில் எலக்ட்ரானை இழக்கவில்லை. கல்லுக்குள் இருந்தபோதே அது இரட்டை நேர்மின்சுமை கொண்ட அயனிதான். இப்போது விடுதலை ஆகிறது, அவ்வளவே. சாப்பாட்டு உப்பும் அப்படித்தான். உப்பைத் தண்ணீரில் போட்டால் சோடியம் எலக்ட்ரானை இழக்கிறது என்று தேர்வில் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சோடிய உலோகத்தைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள் (வேண்டாம், ஆசிரியர் போடும்போது தள்ளி நின்று பாருங்கள்). சீறிக்கொண்டு ஹைட்ரஜன் கிளம்பும். அங்கேதான் எலக்ட்ரான் கைமாறி அயனி புதிதாய்ப் பிறக்கிறது. உப்பு கரையும்போது அந்த ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது.

சரி, பருப்புக்கு வருவோம். பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்னும் பசை. இரண்டு சுமை உள்ள கால்சியம் பக்கத்துப் பக்கத்துப் பெக்டின் இழைகளை ஒரே நேரத்தில் பிடித்து இறுக்கிவிடும். ஒற்றைச் சுமை உள்ள சோடியத்தால் அந்தப் பாலம் போட முடியாது. சோப்பு விஷயமும் ஏறக்குறைய இதே கதை. கால்சியத்தோடு சேர்ந்த சோப்பு கரையாமல், தயிர் திரிந்தமாதிரி வாளியில் மிதக்கும்.

வீட்டில் பருப்போடு போகிறது. ஆலையில் அப்படி இல்லை. நீரைச் சூடாக்கினால் கரியமில வாயு வெளியேறி, கரைந்து வந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகும். நான் பார்த்த ஓர் ஆலையில் கொதிகலன் குழாய்க்குள் முட்டை ஓடு கனத்துக்குப் படிந்திருந்தது. சூடு நீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கி, குழாய் புடைத்துக்கொண்டு நின்றது. வெடித்திருந்தால் பக்கத்தில் நின்றவர்கள் கதி?

இதற்குத்தான் அயனி மாற்றிப் பிசின். கடுகு போன்ற சிறு மணிகள். அவற்றில் அசையாத எதிர்மின் இடங்கள், அங்கே சோடியம் உட்கார்ந்திருக்கும். ஒரு கால்சியம் வந்தால் இரண்டு சோடியம் எழுந்து இடம் கொடுக்கும். மணிகள் கால்சியத்தால் நிரம்பியதும் கெட்டியான உப்புக்கரைசலை விடுகிறோம். கால்சியத்தின் பிடி பலமானதுதான். ஆனாலும் சோடியக் கூட்டத்தின் நெரிசலுக்கு முன் நிற்காது. புதிய வித்தையும் அல்ல. இங்கிலாந்தில் ஜே.டி. வே என்பவர் அம்மோனியம் உப்புக்கரைசலை வயல் மண் வழியாக வடித்தார். அம்மோனியம் மண்ணில் தங்கி, கால்சியம் வெளியே வந்தது. அதை அவர் எழுதி வெளியிட்டது 1850-இல்.

இப்போது வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் இந்தக் கருவியை விற்கிறார்கள். "போடலாமா?" என்று நண்பர்கள் கேட்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கால்சியம் கார்பனேட் கணக்கில் 100 மி.கி. கடினத்தன்மையை நீக்கினால் 46 மி.கி. சோடியம் தண்ணீரில் சேரும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012-ஆம் ஆண்டுத் தரப்படி குடிநீரில் 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை. அந்த 600 உள்ள நீரை முழுக்க மென்மையாக்கினால் லிட்டருக்கு 276 மி.கி. சோடியம். இரண்டு லிட்டர் குடித்தால் 552. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2000-க்குள் இருக்கச் சொல்கிறது. இரத்தக் கொதிப்பு உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமா?

அதைவிட எனக்குக் கவலை, பிசினைக் கழுவிய உப்புத்தண்ணீர். அதைத் தென்னைக்கும் வாழைக்கும் திருப்பி விடுகிறவர்களைப் பார்க்கிறேன். களிமண் துகள்களும் எதிர்மின்சுமை உள்ளவை. கால்சியம் அவற்றைக் கட்டி கட்டியாகச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த இடத்தில் சோடியம் ஏறினால், அடுத்த மழையில் துகள்கள் பிரிந்து துளைகள் அடைபடும். தண்ணீர் இறங்காது. அப்படிப்பட்ட நிலத்துக்கு விவசாயி மூட்டை மூட்டையாக ஜிப்சம் போடுகிறாரே, அது எதற்கு? கால்சியத்தைக் கொண்டு சோடியத்தை வெளியேற்றத்தான்.

ஆகவே போடுங்கள், ஆனால் குளிக்கிற, துவைக்கிற குழாய்க்கு மட்டும். குடிக்கிற குழாயைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். கழிவு உப்புநீரைத் தோட்டத்துக்கும் வாய்க்காலுக்கும் விடாதீர்கள். தொட்டி கட்டி வெயிலில் உலர்த்தலாம், வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை.

மாணவர்கள் கேள்வி கேட்க வேண்டும் என்று தலைவர் மணியைப் பார்க்கிறார்.