ஜீவசத்து மாத்திரைகளும் நம் இல்லங்களும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இப்பொழுது மருந்துக்கடைப் புட்டியொன்று சாப்பாட்டு மேஜைமேல் வீற்றிருக்கின்றது. ஆன்டி ஆக்ஸிடண்ட் என்று பெயர் பொறித்த மாத்திரைகள் அதனுட் கிடக்கின்றன. சிகரெட்டை விடாத தந்தைக்குப் பிள்ளைகளே அவற்றை வாங்கித் தந்து, புகையின் தீங்கை இவை தடுத்துவிடுமென்று மனந்தேறுகின்றனர். அதுபற்றியே இன்று சில கூறத் துணிந்தோம்.

நறுக்கிய கத்தரிக்காய் காற்றுப்பட்டுக் கறுக்கின்றது. நாட்பட்ட எண்ணெய் காறிப்போகின்றது. இவை பிராணவாயுவின் செயல். உயிர்க்கு ஆதாரமான அவ்வாயுவே நம் உடலினுள்ளும் நிலையற்ற அணுக்கூட்டங்களைத் தோற்றுவிக்கின்றது. ஃப்ரீ ராடிகல் எனப்படும் அவை மிகுந்தால் உயிரணுக்கள் சிதையும். புகையிலைப் புகை அவற்றைப் பெருக்குவது. ஸி, ஈ என்னும் ஜீவசத்துக்களும், உடலில் ஏ ஜீவசத்தாக மாறும் காரோட்டீனும் அவற்றை அடக்க வல்லன. ஆயினும் நம் வெள்ளணுக்கள் அவற்றைக் கொண்டே கிருமிகளைக் கொல்லுகின்றன. ஆதலின் அவற்றை அடியோடு ஒழிப்பதும் நன்றன்று.

காரோட்டீன் மிகுந்த காய்கனிகளை உண்போர்க்கு நுரையீரற் புற்றுநோய் குறைவாயிருத்தலைக் கண்ட அறிஞர், அதனைத் தனியே பிரித்துக் கொடுத்தாலென்ன என்று கருதினர். நியாயமான எண்ணந்தான். பின்லாந்து தேசத்தில் 1985-ஆம் ஆண்டு தொடங்கி, 50 முதல் 69 வயதுவரையுள்ள, புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியார்க்கு நாடோறும் 20 மில்லிகிராம் காரோட்டீன் அளித்தனர். 1994-இல் வெளிவந்த முடிவு யாது? அதனை உண்டவரிடையே அந்நோய் நூற்றுக்கு 18 பங்கு மிகுந்திருந்தது! ஈ ஜீவசத்தும் அந்நோயைக் குறைக்கவில்லை. அமெரிக்காவில் புகைபிடிப்போர், முன்பு பிடித்தோர், கல்நார்த் தொழிலாளர் ஆகிய 18,314 பேரைக் கொண்டு, காரோட்டீனையும் ஏ ஜீவசத்தையும் சேர்த்து நடத்திய சோதனையிலோ நோய் 28 பங்கு மிகவே, 1996-இல் அதனை இடையிலேயே நிறுத்தினர். புகை நிறைந்த நுரையீரலில் அளவுமீறிய காரோட்டீன் தானே திரிந்து கேடு விளைக்குமென்பது ஆராய்ச்சியாளர் கூறுங் காரணங்களுள் ஒன்று.

மருந்தே வேண்டா என்பது நம் கருத்தன்று. ஏ ஜீவசத்துக் குறைவால் மாலைக்கண் கொள்ளும் குழந்தைக்கு, வைத்தியர் தரும் சொட்டு மருந்து கண்காக்கும் மருந்தே. குறையுள்ளவர்க்கு ஈடு செய்வது வேறு. நிறைந்தவர்க்கு மேலும் திணிப்பது வேறு.

பெண்மணிகட்கு ஒரு வார்த்தை. காரோட்டீன் எண்ணெயிற் கரைவது. முருங்கைக்கீரையைச் சிறிது எண்ணெய் விட்டு வதக்கினால் அது உடலிற் சேரும். ஸி ஜீவசத்து நீரிற் கரைவது, கொதியிற் கெடுவது. கீரையை அரிந்தபின் அலசினாலும், வெந்த நீரை வடித்துக் கொட்டினாலும் அது சாக்கடைக்கே போம்! நெல்லிக்கனியையும் கொய்யாவையும் பச்சையாகவே கொடுங்கள்.

புகைபிடிப்போர் உள்ள வீட்டார் இன்றிரவே அப்புட்டியை எடுத்துப் பாருங்கள். பீட்டா காரோட்டீன் என்னும் சொல் அதன்மேலிருந்தால், நாளைக் காலையில் அதனை வைத்தியரிடம் காட்டுங்கள். சிகரெட்டை விடும் வழியையும் அவரிடமே கேளுங்கள்.