அயலூரார் மக்களும் நம் பாடசாலைகளும்
(குன்றத்தூரில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

சங்கத்தின் கல்வி நிதியைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். நிதியின் வரவு செலவு அச்சாகி உங்கள் கையில் இருக்கின்றபடியால், அதனை மீண்டும் படித்து உங்கள் பொழுதைப் போக்க விரும்புகிலோம். அந்நிதியால் பயன்பெறும் நம் பிள்ளைகளோடு ஒரே தெருவில் வசித்தும், பாடசாலையின் வாயிலை மிதியாத வேறு பிள்ளைகளைப் பற்றியே இன்று பேச எண்ணினோம். நம் சங்கத்திற்கு இது வேண்டாத விஷயம் என்று சிலர் கருதலாம். அவர்கள் இறுதிவரை கேட்டபின் மறுப்பாராக.

1996-ம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலைக்கு வித்திட்ட நாள் தொட்டு, ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அடைந்த மாறுதலை நாம் கண்ணாரக் கண்டிருக்கின்றோம். ஏரியும் கழனியுமாயிருந்த இடங்களில் இன்று கார்களும் கைப்பேசிகளும் விளைகின்றன. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், அஸாம் ஆகிய இடங்களிலிருந்து தொழிலாளர் திரண்டு வந்தனர். முதலில் தனி ஆட்களாக வந்தவர்களிற் பலர் இப்போது மனைவி மக்களோடு வாழ்கின்றனர். நம்மவர் சிலருக்கோ நெல் விளைந்த காணியிலே வாடகை விளைகின்றது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை; பின்னால் வேண்டியிருக்கும், அதனால் சொல்லி வைக்கின்றோம்.

இப்பிள்ளைகளுக்குச் சட்டம் செய்திருக்கும் உதவி சிறிதன்று. 2009-ம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி முதல் நடைமுறையில் உள்ளது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எந்தக் குழந்தையையும், வயதுக்குச் சான்று இல்லை என்று திருப்பியனுப்பலாகாது. மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றும் திருப்பலாகாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்தி, பின்தங்கியதற்குத் தனிப்பயிற்சி அளிக்கவேண்டும். நம் அரசாங்கப் பள்ளிகளில் புத்தகமும் சீருடையும் விலையின்றிக் கிடைக்கின்றன. 1920-ல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு இன்று மாநிலம் முழுதும் பரவியிருக்கின்றது. 2022-ல் தொடங்கிய காலைச் சிற்றுண்டியும் அதனோடு சேர்ந்தது.

பின் ஏன் குழந்தைகள் வெளியே நிற்கின்றன? 'இலவசம்' என்னும் சொல்லுக்குள் அடங்காத செலவுகள் சில உண்டு. தாயும் தந்தையும் வேலைக்குப் போனால் கைக்குழந்தையைக் காப்பவள் எட்டு வயது அக்காள். அவள் பள்ளிக்குப் போனால் தாயின் கூலி போம். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் இரவு பகலாகப் பார வண்டிகள் ஓடுகின்றன. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்கவேண்டும் என்று விதி கூறினும், அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்கத் துணை வேண்டும். மொழியின் தடையும் பெரிது. 2006-ம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் தமிழ் கட்டாய பாடமாயிற்று, அது முறையே. ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை ஹிந்தியிலோ ஒடியாவிலோ படித்த பிள்ளை இங்கே வந்து ஆறாம் வகுப்பில் அமர்ந்தால், அகரமும் அறியாது விழிக்கும். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளில் ஒடியா மொழியில் பயிற்றும் பணியிடப் பள்ளிகள் நடந்ததுண்டு. நம் பக்கத்து வாடகை அறைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி வாழும் பிள்ளைகளை அவ்வாறு ஒன்றுகூட்டுதல் அரிது.

சீன தேசத்தின் கதை இங்கே நமக்குப் பயன்படும். அந்நாடு 1986-ல் ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் செய்தது. போதனைக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். ஆயினும் 'இதரச் செலவு' என்ற பெயரால் பணம் வாங்கப்பட்டு, கிராமங்களில் 2007-லும் நகரங்களில் 2008-லும்தான் அது ஒழிந்தது. அங்கே 'ஹூகோ' என்னும் குடும்பப் பதிவு முறை 1958 முதல் உள்ளது. பதிவு ஓரூரிலும் பிழைப்பு வேறூரிலுமானால், பிள்ளையைச் சேர்க்க 'இரவற் படிப்புக் கட்டணம்' என்று தனியே கேட்டார்கள். பெற்றோர் வேலை செய்யும் ஊரிலேயே இடமளிக்கவேண்டும் என்று 2006-ல் சட்டத்தைத் திருத்தினர். அதன் பின்னும் பெய்ஜிங் நகரில், தங்கும் அனுமதி, வீட்டுச் சான்று, வேலைச் சான்று என ஐந்து பத்திரங்கள் கேட்கப்பட்டன. அவற்றைத் தேட இயலாத ஏழைகள் தாமே நடத்திக்கொண்ட பள்ளிகளுள் இருபதுக்கு மேற்பட்டவை 2011 கோடையில் மூடப்பட்டன. தாய் தந்தையரைப் பிரிந்து கிராமங்களில் விடப்பட்ட பிள்ளைகள் ஆறு கோடிக்கு மேல் என்று அந்நாட்டு மாதர் சம்மேளனமே 2013-ல் கணக்குக் கூறியது. பள்ளியின் கதவைச் சட்டம் திறந்தது. காகிதம் அதனை அடைத்தது.

நம் நாட்டில் ஹூகோ இல்லை. ஆனால் விலாசச் சான்று கேளாத அலுவலகம் எது? சட்டப்படி வேண்டாததாயினும் பழக்கத்தாற் கேட்கப்படுகின்றது. வாடகைக்கு இருப்பவன் அதற்கு வீட்டுக்காரரிடமே வந்து நிற்கவேண்டும். வாடகையைக் கையில் வாங்கிக்கொண்டு, எழுத்தில் ஒன்றும் தராத வழக்கம் நம்மிடையே இருக்கின்றதா, இல்லையா? முன்னே வாடகையைச் சொல்லி வைத்தது இதற்காகத்தான்.

"இன்று இருப்பார், நாளை போவார், அவர்களுக்கு எதற்கு?" என்று ஒரு கேள்வி எழும். தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு உபாத்தியாயர். அறுபத்தொன்றானால் மூவர் என்பது சட்டத்தின் அட்டவணை. நம்மவர் பலர் கடன்பட்டும் தனியார் பள்ளிக்குப் பணங்கட்டுகின்றபடியால், அரசாங்கப் பள்ளியில் தொகை குறைகின்றது. தொகை குறைந்தால் உபாத்தியாயர் பதவியும் குறையும். அங்கே எஞ்சியிருப்பன நம்முள் ஏழைகளின் பிள்ளைகளே. அயலூர்ப் பிள்ளைகள் வந்து அமர்ந்தால் நம் பிள்ளைக்கும் ஓர் உபாத்தியாயர் கிடைப்பார். தயையின் பொருட்டன்றிச் சுயநலத்தின் பொருட்டேனும் இதனை யோசிக்கலாம்.

தயையையும் விட்டுவிட வேண்டுவதில்லை. சேக்கிழார் பெருமான் அவதரித்த ஊர் இது. வேடராகிய கண்ணப்பரையும், வலைஞராகிய அதிபத்தரையும், குயவராகிய திருநீலகண்டரையும் ஒரே நூலில் ஒரே பெருமையோடு அமைத்தவர் அவர். குலத்தின் பெயரால் கூடியிருக்கும் நாம் அவருக்கு விழா எடுக்கும்போது இதனையும் நினைத்தல் தகும்.

கல்வி நிதியில் ஒரு காசையும் யாம் கேட்கவில்லை. அது நம் முன்னோர் நம் பிள்ளைகளுக்கென வைத்தது. நாம் கொண்டுவரும் பிரேரணை இவ்வளவே: வாடகைக்கு வீடு விட்டிருக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் குடியிருப்போர்க்கு விலாசக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கவேண்டும், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோராக இருக்கும் நம்மவர், சேராத குழந்தைகளின் பெயரைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லவேண்டும், சங்கக் கட்டிடத்தின் பின்கட்டு அறையை மாலை ஆறு முதல் ஏழரை மணி வரை தமிழ் எழுத்துப் பயிற்சிக்கு விடவேண்டும். கல்வி நிதியால் படித்துக் கல்லூரி சென்றிருக்கும் நம் பிள்ளைகள் முறைவைத்துக் கற்பிக்கலாம். ஓர் ஆளுக்கு வாரம் ஒரு மாலையே ஆகும். பின்கட்டு அறையில் கலியாணப் பாத்திரங்கள் அடுக்கியிருப்பதை அறிவோம். அவற்றை மாடிக்கு ஏற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பிரேரணையை ஆமோதிப்பவர் யார் என்பதை அக்கிராசனர் அவர்கள் கேட்டருள்வாராக.