திறந்த கையும் எண்ணிட்ட சிலையும்



கலைஞன் மறைந்தபின் அவனுக்கு எழுப்பப்படும் நினைவுச் சின்னம் யாருக்கு உரியது? விலை கொடுத்து வாங்குவோருக்கா, வழியில் நடந்து செல்லும் எளியவருக்கா? நவீனக் கட்டடக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான லெ கொர்புசியேயின் வரலாறு இக்கேள்விக்கு விடை தேட உதவும்.

சுவிட்சர்லாந்தில் 1887-இல் பிறந்து பிரான்சில் வாழ்ந்த அவர், சண்டிகர் நகரை வடிவமைக்க 1951-இல் இந்தியா வந்தார். பருத்தித் தொழிலோடும் அவருக்கு உறவு உண்டு. அகமதாபாத் ஆலை உரிமையாளர் சங்கத்திற்குச் சபர்மதிக் கரையில் அவர் வடிவமைத்த கட்டடம் 1954-இல் நிறைவுற்றது. சாயத் தொழிலாளர் ஆற்றில் துணியை அலசி மணலில் உலர்த்தும் காட்சி அங்கிருந்து புலப்படுவதை அவர் சிறப்பாகக் கருதினார். நொய்யற்கரையில் வாழ்வோருக்கும், காதர்பேட்டைக் கடைகளில் பனியன் கட்டுகளை எண்ணுவோருக்கும் இச்செய்தி அயலானதன்று.

சண்டிகரில் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் உயர்நீதிமன்றமும் அமைந்த வளாகத்தில், திறந்த கை ஒன்றைச் சின்னமாக நிறுவ அவர் விரும்பினார். கொடுக்கவும் பெறவும் விரிந்த கை அது. அதனடியில் மக்கள் கூடிப் பேசப் பள்ளமான மன்றம் ஒன்றும் வேண்டுமென்றார். 1964-இல் நேரு மறைந்தார். 1965-இல் கொர்புசியேயும் மறைந்தார். கை வரைபடத்திலேயே நின்றது. இருபது ஆண்டுகள் கழித்து, 1985-இல், பிறர் கைகளால் அது உலோகத்தில் எழுந்தது. ஏறத்தாழ 26 மீட்டர் உயரமுள்ள அச்சின்னம் காற்றின் போக்கிற்கேற்பத் திரும்பும்.

சிற்ப உலகில் வேறொரு வழக்கமும் உண்டு. ஓர் அச்சிலிருந்து சில படிகளை மட்டும் வார்த்து, ஒவ்வொன்றிலும் எண் பொறித்து விற்பர். கலைஞனின் பெயர் நிலைக்க இதுவும் துணைசெய்யும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அங்கே மதிப்பு அருமையால் ஏறுகிறது, பயனால் அன்று. சண்டிகர் அலுவலகங்களுக்காகக் கொர்புசியேயின் உறவினர் பியர் ஜான்னரே வடிவமைத்த நாற்காலிகள் கழித்த பொருளாய் விலைபோயின. பின்னர் அவையே வெளிநாட்டு ஏலங்களில் பெருந்தொகை பெற்றன. அவை நாட்டைவிட்டுப் போவதைத் தடுக்க 2011-இல் நடுவண் அரசு ஆணையிட நேர்ந்தது. எழுத்தர் அமர்ந்து கோப்பெழுதிய இருக்கை, எவரும் அமரவொண்ணாத கலைப்பொருளாயிற்று.

திறந்த கைக்கும் இடர் நேராமலில்லை. பாதுகாப்புக் கெடுபிடிகளால் நெடுங்காலம் பொதுமக்கள் அதனை எளிதில் நெருங்க இயலவில்லை. அவ்வளாகம் 2016-இல் யுனெசுக்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்றது பெருமைக்குரியது. எனினும் கையின் அடியில் மனிதர் கூடிப் பேசும்போதே அதனை வரைந்தவரின் எண்ணம் நிறைவேறும்.

பத்தாம் ஆண்டு நினைவு மலரும் அளவான படிகளாகவே அச்சாகிறது. கிடைத்தற்கு அரியது என்று அலமாரியில் பூட்டப்பட்டால் அதுவும் எண்ணிட்ட சிலையே. கைமாறி, மடிப்பேறி, பனியன் கம்பெனியில் இரவுப் பணி முடித்து வரும் ஓர் இளைஞனின் கையில் விரியுமானால், அவன் அதில் ஒரு வரியைத் தன் கவிதையால் தொடருவானானால், கவிஞர்களுக்கு வேறு சின்னம் வேண்டுவதில்லை. கொர்புசியே வரைந்ததைப் பிறர் முடித்துவைத்தனர். மலரைத் தொகுத்தோர் விட்ட பணியை முடிப்பவர் இன்னும் இந்த வட்டத்திற்குள் வராதவராகவும் இருக்கலாம். அவருக்கு வாயில் திறந்திருக்கட்டும்.