மின்கிற்றாரும் வால்வுப் பெருக்கியும்

சாதாரணக் கிற்றாரின் நாதம் அதன் மரக்கூட்டிலே வளர்கின்றது. மின்கிற்றார் பலவற்றிற்கு அத்தகைய கூடு இல்லை. எஃகுத் தந்தி அதிரும்போது, அதன் கீழுள்ள காந்தச்சுருள் அவ்வதிர்வைச் சிறு மின்னோட்டமாக மாற்றுகின்றது. அதனை வலுப்படுத்தி ஸ்பீக்கருக்கு அனுப்புவது பெருக்கி. ஆகவே, வாத்தியத்தின் ஒரு பாதி கலைஞன் கையிலும் மறுபாதி பெருக்கியிலும் உள்ளன எனலாம்.

1947ஆம் ஆண்டில் ட்ரான்சிஸ்ற்றர் தோன்றியபின், வானொலிப் பெட்டிகளிலிருந்து வால்வுகள் படிப்படியாக விடைபெற்றன. கிற்றார்க் கலைஞர் பலரோ இன்றும் வால்வைக் கைவிட்டாரில்லை. காரணம் என்ன? வால்வு தன் எல்லையை அணுகும்போது, ஒலியலையின் முகட்டைத் திடீரென வெட்டாமல் பையப்பைய மழுக்குகின்றது. மூலசுரத்தோடு மேற்சுரங்களும் கலந்தெழுகின்றன. மெல்ல மீட்டினால் தெளிவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பும் பிறக்கின்றன.

பொறியியலாளருக்கு இது பிழை; கலைஞருக்கோ இதுவே செல்வம். 1951இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ‘ரொக்கற் 88’ என்னும் பாடல் பதிவானபோது, பழுதுற்ற பெருக்கியொன்றின் கரகரப்பும் உடன் பதிவாயிற்று. 1966இல் இலண்டனில் ஜோன் மேயோலின் குழுவுடன் வாசித்த எரிக் கிளப்டன், பெருக்கியை மேடையிற்போலவே உரத்து ஒலிக்கச்செய்து பதிவுசெய்தார். அந்நாதம் பின்வந்தோருக்கு அளவுகோலாயிற்று.

அத்தகைய நாதத்தை நாடுவோர், முதலில் விலையுயர்ந்த கருவியைத் தேடுதல் வீண்செலவு. துருவேறிய தந்தியை மாற்றுதல் வேண்டும். காந்தச்சுருள் தந்திக்கு மிக அண்மையில் இருப்பின், காந்தம் தந்தியை இழுத்து அதிர்வைக் கெடுக்கும். சற்றே தாழ்த்துதல் நன்று. இணைப்புவடம் மிக நீண்டால் ஒலியின் கூர்மை குறையும். குதிரைக்கு அருகிலுள்ள சுருள் கூரிய ஒலியையும், கழுத்துப்புறச் சுருள் கனிந்த ஒலியையும் தரும்.

அடுத்து, அழுத்தி மீட்டும்போது மாத்திரம் கரகரப்புத் தோன்றும் நிலையிற் பெருக்கியை வைத்துக்கொள்க. தெளிவு வேண்டும்போது, கிற்றாரிலுள்ள ஒலியளவுக் குமிழைச் சிறிது குறைத்தாற் போதும். 100 வாற்றுப் பெருக்கியை வீட்டில் இந்நிலைக்குக் கொண்டுவந்தால் அயலார் பொறுக்கமாட்டார். வீட்டுக்கு 5 வாற்றுப் பெருக்கியே பொருத்தமானது.

நேயர்களே, ஓர் எச்சரிக்கை. ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வுப் பெருக்கியை இயக்கலாகாது. அதன் மின்மாற்றி பழுதாகிவிடும். பெருக்கியின் உள்ளே 400 வோல்ற்றுக்கு மேலும் மின்னழுத்தம் இருக்கக்கூடும். இணைப்பைக் கழற்றிய பின்னரும் கண்டென்சர்களில் மின்னேற்றம் தங்கியிருந்து உயிரைப் பறிக்கலாம். ஆதலால், வலுவால்வுகளை மாற்றி மின்னோட்டத்தைச் சீர்செய்யும் பணியைத் தேர்ந்த தொழில்நுட்பவியலாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

வால்வு தரும் இனிமை அதன் எல்லையருகே பிறப்பது. அவ்வெல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒலியை இட்டுச்செல்வது மீட்டும் விரலே. கடையில் வாங்க இயலாத அவ்விரற்பயிற்சிதான் நாதத்தின் முதற்படி.