பள்ளி என்றால் தங்கும் இடம்

வல்லம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் ஊர்கள் பல. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒன்று உண்டு. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் குடைவரைக் கோயிலோடு இன்னொன்று உண்டு. இன்று நாம் போவது விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக்குக் கிழக்கே உள்ள வல்லத்துக்கு. திண்டிவனத்தில் செஞ்சி பஸ் ஏறிச் சிறிது தூரம் போனதும் நிலத்தின் முகம் மாறும். நெல் வயல், மல்லாட்டைக் கொல்லை, ஏரிக்கரைப் பனை. இவற்றுக்கு நடுவே உருண்டைப் பாறைகளை அடுக்கி வைத்தாற்போலக் குன்றுகள். மேற்கே பார்த்தால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் செஞ்சிக் கோட்டையும் சேர்ந்தது. அதனால் வருகிறவர் கூட்டம் இன்னும் பெருகும். வருகிறவர்கள் கோட்டை ஏறுவார்கள், கல்யாண மகாலைப் பார்ப்பார்கள், மாலையில் திரும்பிவிடுவார்கள். சுற்றுலாவுக்கு அது போதும். எங்கிருந்தோ வந்து, திரும்பிப் போகாமல் ஊரில் தங்கி, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் இளைஞருக்கு அது போதாது. அப்படி வருகிறவர் ஓர் ஊருக்கு எப்போது பயன்படுகிறார் என்ற கேள்வியோடுதான் இந்தப் பக்கத்தை உங்களுக்குக் காட்ட நினைக்கிறேன்.

முதல் சாட்சி ஒரு பாறை. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சமணரின் 24 தீர்த்தங்கரர்களுடைய உருவங்களை ஒரே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்பவர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததை அங்குள்ள பழைய கல்வெட்டு சொல்கிறது. அவர் பெயரோடு சேர்த்து அது பொறித்திருக்கும் சொல், ஆசிரிகர். இன்று நாம் சொல்லும் ஆசிரியருக்கு உறவான சொல் அது. வல்லம் பக்கத்து மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் இருக்கிறது. துறவிகள் படுத்துறங்கிய இடத்துக்கும் வாழ்ந்த இடத்துக்கும் பள்ளி என்று பெயர். அந்தச் சொல்தான் பிறகு பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு ஆகி வந்தது. இதை வெறும் சொல்லாராய்ச்சியாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கற்பிக்க வந்தவர் அந்த ஊரிலேயே பாய் விரித்தார் என்ற செய்தி அந்தச் சொல்லுக்குள் கிடக்கிறது. தங்குவதுதான் முதல் தகுதி. பாடம் அதற்குப் பிறகு.

இரண்டாவது தகுதி, கற்பிக்குமுன் கற்றுக்கொள்வது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவுக்கு அப்போது வயது 23. தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. வயதான தமிழ் ஆசிரியர் ஒருவரின் திண்ணைப் பள்ளியைத் தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்ததும் தமிழில் நூல் அச்சிட்டதும் அதற்குப் பிறகுதான். அவரை அனுப்பிய டென்மார்க்கிலிருந்து பிற்காலத்தில் தென்னார்க்காட்டுக்கு டேனிஷ் மிஷன் வந்தது. அந்த மிஷனில் ஆசிரியைகளாக வந்த இருவர், ஆன் மேரி பீட்டர்சனும் எஸ்தர் ஃபேரிங்கும். எஸ்தர் பணி செய்தது செஞ்சிக்குத் தென்மேற்கே திருக்கோவிலூரில். 1917-ல் இருவரும் அகமதாபாத்தில் இருந்த ஆசிரமத்துக்குச் சென்று காந்தியைப் பார்த்தார்கள். அந்தச் சந்திப்பு அவர்கள் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. மிஷனுக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் இருவரும் மிஷனை விட்டு விலகினார்கள். எஸ்தருக்குக் காந்தி எழுதிய கடிதங்கள் பின்னாளில் தனி நூலாகவே வந்தன. பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் சேவா மந்திர் என்ற பெண்கள் பள்ளியைத் தொடங்க, 1921-ல் காந்தி அதற்கு அடிக்கல் நாட்டினார்.

மதம் மாற்ற வந்தவர்களை முன்மாதிரி ஆக்கலாமா என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சீகன்பால்கு வந்த நோக்கம் அதுதான், அதை மறைப்பதற்கில்லை. நோக்கம் எதுவானாலும், ஊரோடு தங்கிய வாழ்க்கை வந்தவரை மாற்றிவிடும் என்பதே இங்கு நான் காண்பது. அனுப்பியவர்கள் ஒரு பக்கமும் அண்டை வீட்டார் ஒரு பக்கமும் நின்றபோது, அந்த இரண்டு டேனிஷ் பெண்களும் அண்டை வீட்டார் பக்கம் வந்தார்கள். வந்த அன்றே திரும்பும் தேதியை எண்ணத் தொடங்குகிறவருக்கு இப்படி ஒரு மாற்றம் நேர வழியில்லை.

இன்று இளைஞர்கள் வருவது வேறு வழியில். ஜெர்மனி அரசு 2008-ல் தொடங்கிய வெல்ட்வெர்ட்ஸ் திட்டம் 18 முதல் 28 வயது வரை உள்ளவர்களை வெளிநாடுகளுக்குத் தொண்டு செய்ய அனுப்புகிறது, பெரும்பாலும் ஓராண்டு. அப்படிப்பட்டவர்கள் இதே விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஆரோவில்லுக்கும் வருகிறார்கள். ஓராண்டில் என்ன ஆகிவிடும், பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் அக்கா ஊருக்குப் போய்விடுகிறாரே என்ற குறை இருக்கிறது. அந்தக் குறையில் உண்மை பெரிது. ஆகவே அவர்களை வகுப்பின் பொறுப்பாளராக வைக்கக் கூடாது; ஊர் டீச்சருக்குப் பக்கத்தில் துணையாக உட்கார வைக்க வேண்டும். ஆண்டுதோறும் முகம் மாறலாம். டீச்சர் மாறக் கூடாது. வந்தவர் முதல் மூன்று மாதம் தமிழ் படிக்கட்டும். பிழையாகத் தமிழ் பேசும் வெள்ளைக்கார அக்காவைத் திருத்தும் பிள்ளைக்கு, தானும் ஆங்கிலத்தைப் பிழையாகப் பேசிப் பார்க்கும் துணிச்சல் வரும். கூச்சம் போன பிள்ளை எந்த மொழியையும் எட்டிப் பிடிக்கும்.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. தொண்டரை வைத்தே காரியம் நடந்துவிட்டால், அரசு ஆசிரியர் பணியிடத்தை எதற்காக நிரப்பும்? இதற்கு விடையும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தை மறந்த நிலையில், 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்தந்த ஊரில் படித்த பெண்களே பெரும்பாலும் தன்னார்வலர்களாக இருந்தார்கள். பள்ளி விட்டபின், மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே, வீட்டு வாசலிலோ கோயில் நிழலிலோ ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் தொடக்கத்தில் படித்தார்கள். தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. அந்தத் தொகை அவர்கள் உழைப்புக்கு மிகக் குறைவு என்பது என் கருத்து. ஆனால் திட்டத்தின் அமைப்பு சரியானது: பள்ளி நேரத்தில் அவர்கள் கை வைக்கவில்லை, ஆசிரியர் நாற்காலியில் உட்காரவில்லை. தொண்டருக்கு இடம் அந்த மாலை நேரம்தான். அயல்நாட்டிலிருந்து வருகிறவருக்கும் அதுவே இடம்.

ஆகவே, வல்லம் ஒன்றியத்து ஊர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நாளை ஓர் இளைஞர் வந்து நின்றால், ஊர்ப் பெரியவர்கள் கோட்டைக்கு வழி காட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். தங்க ஒரு வீடு பார்த்துக் கொடுங்கள். உங்கள் பிள்ளைகளையே அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். எத்தனை மாதம் இருப்பீர்கள் என்று முதல் நாளே கேளுங்கள். இங்கிருந்து வெளிநாட்டுக் கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் புறப்படும் நம் பிள்ளைகளும் இதே கேள்விக்கு விடை வைத்துக்கொண்டு போக வேண்டும். பீட்டர்சன் 1909-ல் இந்தியா வந்தார். 1951-ல் அவர் இறக்கும்வரை இந்த நாடுதான் அவர் வீடு. அவர் தொடங்கிய பள்ளியில் இன்றும் காலையில் மணி அடிக்கிறது.